விளக்கு யார் தலையில்?

தண்டி யாத்திரையை மறுபடி நடந்து பார்க்கும் ஆசை இந்தியர்களுக்கு அடிக்கடி வருகிறது. 75ஆம் ஆண்டு நினைவாக 2005ல் காங்கிரஸ் நடந்தது. சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு விழாத் தொடக்கமாக 2021ல் மத்திய அரசு 81 பேரை நடக்க வைத்தது. கட்சிக்கும் அரசுக்கும் செலவு ஒரு பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூடமோ, கல்லூரி மாணவர் குழுவோ ஒரே ஒரு இரவாவது 1930 போல முகாம் போட நினைத்தால் முதலில் கேட்கும் கேள்வி: எவ்வளவு ஆகும்?

நல்ல செய்தி, அதிகம் ஆகாது. அசல் முகாமே சிக்கன முகாம்தான். 1930 மார்ச் 12ல் சபர்மதியிலிருந்து காந்தியுடன் கிளம்பியவர்கள் 78 பேர். வழியில் உள்ள கிராமங்களுக்கு அவர் முன்கூட்டியே எழுதியது இதுதான்: படுக்கையை நாங்களே கொண்டுவருகிறோம், ஓய்வெடுக்கச் சுத்தமான மறைவிடம் போதும், சாப்பாடு மிக எளிமையாக இருக்கட்டும், இனிப்பு வேண்டாம்.

ஆகவே முதல் வேலை வாங்குவதல்ல, அகற்றுவது. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஃப்ளெக்ஸ் பேனர், தண்ணீர் பாட்டில் எல்லாம் போகட்டும். மாமரத்தடியும் பாயும் மண்பானையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. விலை உயர்ந்த ராட்டைக்கு அலைய வேண்டாம். தக்ளி போதும், செலவும் சொற்பம். நூற்பது, பிரார்த்தனை, நாட்குறிப்பு எழுதுவது மூன்றும் யாத்திரிகர்களின் அன்றாடக் கடமை. எனவே ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் தேவை.

கொடியில் கவனம் வேண்டும். அசோகச் சக்கரம் பொறித்த மூவர்ணக் கொடி ஏற்கப்பட்டது 1947 ஜூலையில். காவி நிறம் காங்கிரஸ் கொடியில் இடம்பெற்றதே 1931ல்தான். 1930ல் இருந்தது வெள்ளை, பச்சை, சிவப்புப் பட்டைகளில் ராட்டை வரைந்த கொடி. மூன்று துண்டுத் துணியும் ஒரு தையல்காரரும் போதும்.

காசே இல்லாமல் செய்யக்கூடியது இன்னொன்று. அந்தக் கிராமங்களிடம் காந்தி ஒரு கணக்குக் கேட்டிருந்தார். மக்கள் எத்தனை பேர், அவர்களில் தீண்டப்படாதவர்கள் எத்தனை பேர், ராட்டைகள் எத்தனை, மாடுகள் எத்தனை, உப்பு எவ்வளவு செலவாகிறது? முகாம் போடும் ஊரில் மாணவர்கள் வீடு வீடாகப் போய் இதே கேள்விகளைக் கேட்டு எழுதட்டும். எந்த மேடை அலங்காரமும் இதற்கு ஈடாகாது.

உட்காரும் ஏற்பாடும் அப்படித்தான். கஜேரா கிராமத்தில் தீண்டப்படாதவர்கள் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்ட காந்தி, அவர்களை உள்ளே உட்காரவைக்கும்வரை பேச்சைத் தொடங்கவில்லை. உங்கள் முகாமில் யார் பாயில், யார் வெளியே என்பதை இன்றும் பார்த்துக்கொள்ளலாம்.

வேதாரண்யத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கு இன்னும் மிச்சம். ராஜாஜியின் தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியதால், மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். பந்திக்குப் பதில் நாலு மரம்.

ஆனால் சிக்கனம் என்பது அலங்காரம் அல்ல என்பதை அசல் யாத்திரையே சொல்கிறது. வைஸ்ராய் இர்வினுக்கு மார்ச் 2ல் எழுதிய கடிதத்தில், அவருடைய மாதச் சம்பளம் 21,000 ரூபாய் என்பதையும், சராசரி இந்தியனின் தினசரி வருமானம் 2 அணாவுக்கும் குறைவு என்பதையும் காந்தி குத்திக்காட்டியிருந்தார். அப்படி எழுதியவரின் அணிக்கே வழியில் வசதிகள் சேர ஆரம்பித்தன. இரவு நடைக்காக ஒரு கனமான மண்ணெண்ணெய் விளக்கை ஏழைத் தொழிலாளி ஒருவர் தலையில் சுமந்து வந்தார். சீக்கிரம் நட என்று அவரை விரட்டினார்கள். பார்க்கப் பொறுக்காமல் காந்தி எல்லோரையும் முந்திக்கொண்டு நடந்துவிட்டார். மார்ச் 29ல் பட்காம் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசினார். நாமே இப்படி இருந்தால் வைஸ்ராய்க்கு எழுத எனக்கென்ன உரிமை என்பதுதான் சாரம்.

இந்தக் காட்சியை எந்த மறுநடையிலும் நடித்துக் காட்டியதாகத் தெரியவில்லை. நடிக்க வேண்டும். ஏனென்றால் இன்றைய முகாமிலும் பாய் விரிப்பது, பானை தூக்குவது, காலையில் கூட்டிப் பெருக்குவது என்று யாராவது ஒரு கூலியாள் இருப்பார், புகைப்படத்துக்கு வெளியே.

மாணவர்கள் தங்கள் படுக்கையைத் தாங்களே சுமக்கட்டும். தங்கள் தட்டைத் தாங்களே கழுவட்டும். அரிக்கேன் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமை ஆசிரியர் முன்னால் நடக்கட்டும். கதர்க் குல்லாய்க்குப் பணம் போதாவிட்டாலும் பரவாயில்லை.