தவணைப் பணத்துக்கு ‘புது ஆப்’: வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை நம்பலாமா?

பிஎம் கிசான் தவணை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே, வாட்ஸ்அப் குழுக்களில் இன்னொன்றும் கிளம்பி விடுகிறது. ‘உங்கள் இ-கேஒய்சி முடியவில்லை. இந்த ஆப்பை உடனே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் 2,000 ரூபாய் நின்றுவிடும்’ என்று ஒரு செய்தி, கூடவே ஒரு ஏபிகே ஃபைல். பல நேரம் அதை அனுப்புபவர் முன்பின் தெரியாத ஆளாக இருப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், சொந்தக்காரப் பையன், ஊர்க் குழுவில் இருப்பவர் என்று தெரிந்த எண்ணிலிருந்தே வருகிறது. நம்பி ஏற்றியவரின் கணக்கிலிருந்து பணம் போகிறது. ‘ஓடிபியை நான் யாருக்கும் சொல்லவே இல்லையே’ என்று அவர் தவிக்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஓடிபியை எடுத்துக் கொடுத்தது அவர் கையால் ஏற்றிய ஆப்.

விவசாயிகளைக் குறிவைப்பது ஏன்?

2019-ல் தொடங்கப்பட்ட பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 3 தவணைகளாக நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தக் கணக்கு ஆதாருடனும், பெரும்பாலும் செல்போன் எண்ணுடனும் இணைந்திருக்கும். இ-கேஒய்சி கட்டாயம் என்பதும் உண்மை. 2023 முதல் முகத்தைக் காட்டி இ-கேஒய்சி முடிக்க அரசின் ஆப் ஒன்றும் இருக்கிறது. மோசடிக்காரர்கள் இந்த உண்மைகளின் மேல்தான் பொய்யைக் கட்டுகிறார்கள். திட்டம் உண்மை, தவணை உண்மை, ஆப் இருப்பதும் உண்மை. கைக்கு வந்த ஃபைல் மட்டும் போலி.

போலி ஆப் என்ன செய்கிறது?

ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல். போட்டோ, வீடியோ போல அது பார்ப்பதற்கான பொருள் அல்ல. திறந்து ‘இன்ஸ்டால்’ அழுத்தினால் போனுக்குள் குடியேறிவிடும். போலி ஆப் முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் கண்ணில் படும் முன்பே மோசடிக்காரருக்குப் போய்விடும். சில ஆப்கள் உங்கள் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அதே ஃபைலை அனுப்பும். அதனால்தான் அது தெரிந்தவரிடமிருந்து வருகிறது. அவர் அனுப்பவில்லை. அவர் போன் அனுப்புகிறது.

விதைக்குப் பார்க்கும் அட்டை, ஃபைலுக்கும் உண்டு

விதை வாங்கும்போது மூட்டையைத் தூக்கி வந்தவரின் முகத்தைப் பார்த்து நாம் முடிவு செய்வதில்லை. சான்று விதை என்றால் நீல அட்டை, ஆதார விதை என்றால் வெள்ளை அட்டை இருக்கிறதா, தையலும் முத்திரையும் பிரியாமல் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம்.

ஆப் ஃபைலுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. அதற்கு டிஜிட்டல் கையொப்பம் என்று பெயர். போனில் ஏற்கெனவே உள்ள ஆப்புக்கு ‘அப்டேட்’ என்று ஒரு ஃபைல் வந்தால், இரண்டின் கையொப்பமும் ஒன்றா என்று ஆண்ட்ராய்டு ஒப்பிடும். வேறாக இருந்தால் ஏற்றவிடாது. ‘பழைய ஆப்பை நீக்கிவிட்டு இதைப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால், அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஆனால் கையொப்பம் மட்டும் போதாது. போலி விதைக்காரரும் சொந்தமாக அட்டை அச்சடிக்க முடியும். போலி ஆப் செய்பவரும் தன் கையொப்பத்தைப் போடுவார். பெயரை மாற்றிவிட்டால் அது புது ஆப்பாகத் தனியே ஏறிவிடும். எனவே ஃபைல் எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி.

ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

1. வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், டெலிகிராம் வழியாக வரும் ஏபிகே ஃபைலை யார் அனுப்பினாலும் திறக்காதீர்கள். அனுப்பியவருக்கு உடனே போன் செய்து சொல்லுங்கள். அவர் போனும் சிக்கியிருக்கலாம்.

2. ஆப் தேவையென்றால் திட்டத்தின் அரசு இணையதளத்துக்குப் போய், அங்குள்ள இணைப்பு வழியாக பிளே ஸ்டோருக்குச் செல்லுங்கள். மத்திய அரசுத் தளத்தின் முகவரி ஜி-ஓ-வி, புள்ளி, ஐ-என் என்று முடியும். புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தாலோ, அதற்குப் பின் வேறு பெயர் ஒட்டியிருந்தாலோ அது அரசுத் தளம் அல்ல.

3. பிளே ஸ்டோரிலும் ஆப்பின் பெயரை மட்டும் பார்க்காமல், வெளியிட்டவர் பெயரையும் பாருங்கள்.

4. ‘தெரியாத இடத்திலிருந்து ஆப் ஏற்ற அனுமதி’ என்று போன் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த எச்சரிக்கைதான் கடைசி வேலி.

5. தவணை நிலவரம் பார்க்கும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் வேலை இல்லை. கேட்டால் மறுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள்.

கணினியில் ஏற்றும்போது

உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகத்திலும் பொது சேவை மையத்திலும் கைரேகைக் கருவி, பிரிண்டர், கணக்கு மென்பொருள் ஆகியவற்றுக்கான ஃபைல்களை இறக்குவது வழக்கம். விண்டோஸ் கணினியில் ஃபைலின் மேல் வலது பட்டனை அழுத்தி, ‘ப்ராபர்ட்டீஸ்’ திறந்து, ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ பகுதியில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். சில நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ‘ஷா-256’ என்ற 64 எழுத்து, எண் வரிசையையும் தருகின்றன. அது ஃபைலின் கைரேகை. ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரிசை மாறிவிடும். இறக்கிய ஃபைலுக்குக் கணினி காட்டும் வரிசையும் தளத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபைலை அனுப்பியவரே தந்த வரிசையை வைத்து ஒப்பிட்டால் பயனில்லை. அது நிறுவனத்தின் தளத்திலிருந்தே வர வேண்டும்.

கூகுள் காப்பாற்றிவிடுமா?

வாட்ஸ்அப், பிரௌசர் வழியாக வந்து எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும் ஆப்களைத் தடுக்கும் ஏற்பாட்டை கூகுள் 2024-ல் சிங்கப்பூரில் தொடங்கி, பிறகு இந்தியாவுக்கும் கொண்டு வந்தது. அடுத்ததாக, ஆப் செய்பவர் தன் அடையாளத்தைப் பதிவு செய்யும் விதியை 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவாக்கப் போவதாக 2025-ல் அறிவித்தது. இவை நல்ல வேலிகளே. ஆனால் பதிவு என்பது ஆப் செய்தவர் யார் என்று சொல்லும், அவர் நல்லவரா என்று சொல்லாது. அதோடு, ‘எச்சரிக்கை வந்தால் அதை அணைத்துவிட்டு ஏற்றுங்கள்’ என்று மோசடிக்காரரே போனில் வழிகாட்டுவார். நாமே கதவைத் திறந்துவிட்டால் வேலியால் பயனில்லை.

தெரியாமல் ஏற்றிவிட்டால்

உடனே இணையத்தையும் வைஃபையையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசி, கணக்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. சில போலி ஆப்கள் ஐகானை மறைத்துக்கொள்ளும் என்பதால், செட்டிங்ஸில் உள்ள ஆப் பட்டியலில் தேடி நீக்குங்கள். சந்தேகம் தீராவிட்டால் போட்டோக்களைப் பத்திரப்படுத்திவிட்டு போனை ரீசெட் செய்துவிடுவது நல்லது.

இ-கேஒய்சி செய்ய ஆப் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அருகிலுள்ள பொது சேவை மையத்தில் கைரேகை வைத்தும், பிஎம் கிசான் தளத்தில் ஓடிபி மூலமும் முடிக்கலாம். ஒரு நாள் தாமதமானாலும் மையத்துக்கு நேரில் போய் முடிப்பது, அவசரப்பட்டு ஒரு ஃபைலைத் திறந்து கணக்கில் உள்ள பணத்தை இழப்பதைவிட மேல்.