மச்சான், நாளை எண்ணு!

நான் பி.காம். பெருமைக்காகச் சொல்லவில்லை, அவஸ்தைக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் டாக்டருக்குப் படித்தவனைக் கண்டால் நாக்கை நீட்டுவார்கள். சிவில் இன்ஜினீயரைக் கண்டால் ஒழுகுகிற மொட்டை மாடியைக் காட்டுவார்கள். என்னைக் கண்டால் செல்போனை நீட்டுகிறார்கள். "தம்பி, நீ காமர்ஸ்தானே... இன்கம்டாக்ஸ்லேர்ந்து ஏதோ மெஸேஜ் வந்திருக்கு. என்னன்னு பாரேன்!"

இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் துபாய், மஸ்கட், தோஹா என்று பிழைக்கப் போனவர்கள். அல்லது அவர்களைப் பெற்றவர்கள். எல்லோருக்கும் ஒரே சந்தேகம். "அதான் நாட்டை விட்டே போயாச்சே... அப்புறம் எதுக்கு சார் இங்கே டாக்ஸ்?"

போனது நீங்கள் சார்! உங்கள் சேவிங்ஸ் கணக்கு போகவில்லை. மாடிப் போர்ஷன் வாடகை போகவில்லை. படப்பையில் வாங்கிப்போட்ட கிரவுண்ட் அங்கேயேதான் படுத்துக் கிடக்கிறது. சட்டம் அதையெல்லாம் சேர்த்துத்தான் உங்களைப் பார்க்கும்.

ஆனால் ஒன்று. உங்கள் தேசபக்தியைப் பற்றி இன்கம்டாக்ஸ் சட்டத்துக்கு அக்கறையே கிடையாது. அதற்குத் தெரிந்தது எண்ணத்தான். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள்? 182 நாளோ அதற்கு மேலோ என்றால் 'ரெசிடென்ட்'. உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்திருந்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வேலைக்காக வெளிநாடு போன இந்தியருக்கு அது 182-க்குக் குறைந்தால் என்.ஆர்.ஐ. இந்தியாவில் வந்த வருமானத்துக்கு மட்டும் இங்கே வரி. 1961-ம் வருஷச் சட்டம் போய், 2025-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தபோதும் இந்த 182 மட்டும் மாறவில்லை.

என் நண்பன் ஒருத்தனுக்கு துபாயில் வேலை கிடைத்தது. செப்டம்பர் 20-ம் தேதி ஃப்ளைட். ஸ்வீட் பாக்ஸோடு வந்தான்.

"மச்சான், பொங்கலுக்கு 10 நாள் லீவு தர்றானாம். இப்பவே டிக்கெட் போட்டுடவா? சீப்பா கிடைக்குது."

"பொறு" என்று காலண்டரை எடுத்தேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை 153 நாள். செப்டம்பரில் 20. ஆக, 173. பொங்கலுக்கு 10 நாள் வந்தால் 183.

"அதனால என்ன?"

"அதனால இந்த வருஷம் நீ ரெசிடென்ட். போன நாள்லேர்ந்து மார்ச் வரைக்கும் துபாய்ல வாங்கற சம்பளம் அத்தனையும் இங்கே கணக்குல சேரும்."

ஸ்வீட் பாக்ஸை மூடிவிட்டான். "அங்கே சம்பளத்துக்கு டாக்ஸே கிடையாதேடா!"

"அதான் வம்பே! அங்கே கட்டியிருந்தா இங்கே கழிச்சுக்க வழி இருக்கு. கட்டாததை எங்கேர்ந்து கழிக்கறது?"

லீவை ஏப்ரலுக்குத் தள்ளிப் போட்டான். அவன் அம்மா சண்டைக்கு வந்தது என்னிடம். "ஏம்ப்பா, பெத்த பிள்ளை பொங்கலுக்கு வீட்டுக்கு வர்றதுக்குக்கூட கவர்ன்மென்ட்டைக் கேக்கணுமா?" கேட்க வேண்டாம் அம்மா, எண்ணினால் போதும்.

நல்ல நாள் பார்த்து ஃப்ளைட் ஏறுகிறவர்களுக்கு என் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் இருக்கிறது. செப்டம்பர் 28. அன்றைக்குள் ஏறினால் 181. மறுநாள் ஏறினால் 182, மாட்டிக்கொண்டீர்கள். ஏறுகிற நாள், இறங்குகிற நாள் இரண்டையும் இந்தியக் கணக்கில் போட்டுக்கொள்வதுதான் பத்திரம்.

என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் அங்கே சம்பாதித்து வீட்டுக்கு அனுப்புகிற பணத்துக்கு இங்கே வரி இல்லை. சம்பளம் முதலில் அங்கேயுள்ள கணக்கில் விழ வேண்டும், அவ்வளவுதான். 2020 பிப்ரவரி 1 பட்ஜெட்டில், எந்த நாட்டிலும் வரி கட்ட வேண்டியிராத இந்தியரை ரெசிடென்டாகவே கருதுவோம் என்று ஒரு ஷரத்து வந்தது. வளைகுடா முழுக்க வயிற்றில் புளியைக் கரைத்தது! மறுநாளே அரசாங்கம் விளக்கம் கொடுத்தது: அங்கே உழைத்து வாங்குகிற சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று. கடைசியில் அந்த ஷரத்து, இந்தியாவிலேயே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் வருகிறவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. லீவுக்கு வந்து போகும்போது 182-க்குப் பதில் 120 நாளைப் பார்க்க வேண்டியதும் அவர்கள்தான். அவர்களுக்கு ஆடிட்டர் இருப்பார், விட்டுவிடலாம்.

நம் சட்டமாவது நாளை எண்ணுகிறது. அமெரிக்கா ஆளையே எண்ணுகிறது! அமெரிக்கப் பிரஜை உலகத்தில் எங்கே குடியிருந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான போரிஸ் ஜான்சன் 1964-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். லண்டனில் வீட்டை விற்றார். அமெரிக்க வரி இலாகா 'எங்கள் பங்கு எங்கே?' என்றது. கட்ட மாட்டேன் என்று கத்திப் பார்த்து, 2015-ல் கட்டித் தீர்த்து, 2016-ல் அந்தப் பிரஜா உரிமைக்கே ஒரு கும்பிடு போட்டார். லண்டன் மேயருக்கே அந்தக் கதி!

சரி, நம் படப்பைக்கு வருவோம். பணத்துக்கு உண்மையான ஆபத்து அங்கேதான்.

நண்பனுக்குத் தங்கை கல்யாணம். கிரவுண்டை 40 லட்சத்துக்குப் பேசினார்கள். சில வருஷம் முன்னால் 30 லட்சத்துக்கு வாங்கியது. லாபம் 10 லட்சம். 2 வருஷத்துக்கு மேல் வைத்திருந்த இடம் என்பதால் வரி பன்னிரண்டரை சதவிகிதம், அதன் மேல் செஸ். ஆக மொத்தம் 13 சதவிகிதம். 1 லட்சத்து 30 ஆயிரம். நியாயம்தானே?

விற்கிறவர் உள்ளூர்க்காரர் என்றால், 40 லட்சத்துக்கு வாங்குகிறவர் டி.டி.எஸ். எதுவும் பிடிக்க வேண்டாம். 50 லட்சத்திலிருந்துதான் 1 சதவிகிதம் பிடிப்பார். விற்கிறவர் என்.ஆர்.ஐ. என்றால் கதையே வேறு. லாபம் எவ்வளவு என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? வம்பு வேண்டாம் என்று மொத்த 40 லட்சத்துக்கும் 13 சதவிகிதம் பிடித்துவிடுவார். 5 லட்சத்து 20 ஆயிரம்! கட்ட வேண்டியது போக 3 லட்சத்து 90 ஆயிரம் அரசாங்கத்திடம். அடுத்த வருஷம் ரிட்டர்ன் போட்டால் ரீஃபண்ட் வரும், நிச்சயம் வரும். ஆனால் கல்யாண மண்டபக்காரர் ரீஃபண்ட் வரும்வரை காத்திருப்பாரா?

நல்ல வேளையாக நண்பனின் அப்பா அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்தார். "பத்திரம் பதியறதுக்கு முன்னாடியே இன்கம்டாக்ஸ்ல அப்ளிகேஷன் போடணும் அப்பா. லாபத்துக்கு மட்டும் பிடிச்சா போதும்னு சர்டிஃபிகேட் கொடுப்பாங்க. அதைக் காட்டினா வாங்கறவரும் குறைச்சுப் பிடிப்பார்" என்றேன். அலைந்தார், வாங்கினார். தங்கை கல்யாணம் கடன் இல்லாமல் நடந்தது.

போகிறவர்கள் போவதற்கு முன் செய்ய வேண்டியது மிச்சம் கொஞ்சம்தான். பழைய சேவிங்ஸ் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. பாங்கில் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வாடகை, உள்ளூர் வருமானம் எல்லாம் அதில். அந்தக் கணக்கு வட்டிக்கு 30 சதவிகிதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு வரி கிடையாது. மாடிக் குடித்தனக்காரரும் உங்கள் வாடகையில் 30 சதவிகிதமும் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும். மாதம் 8,000 ரூபாய் வாடகையானாலும் சரி. இதைச் சொன்னால் குடித்தனக்காரர் உங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பார்க்கட்டும், சொல்லிவிடுங்கள். பிடித்த பணத்தில் கூடுதல் இருந்தால் வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

பாஸ்போர்ட்டில் சீல் குத்திய பக்கங்களை ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து வையுங்கள். நாலு வருஷம் கழித்து, 'எத்தனை நாள் இருந்தாய்?' என்று யாராவது கேட்டால் அதுதான் சாட்சி.

இதற்கு மேலும் சந்தேகம் இருப்பவர்கள் தாராளமாக எங்கள் வீட்டுக்கு வரலாம். ஒரே கண்டிஷன். இடத்தை விற்கிற விஷயமென்றால் பத்திரம் பதிவதற்கு முன்னால் வாருங்கள். பதிந்த பிறகு வந்தால் காபி மட்டும்தான் கொடுக்க முடியும்.