சோலையின் செந்தளிர்

ஞாயிறின்றிப் பயிரில்லை, பயிரின்றி உயிரில்லை. ஆயினும், அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சாம் என்பது ஒளிக்கும் பொருந்தும். இவ்வுண்மையை நீலகிரி மலைச் சோலைகளிற் காணலாம்.

நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. அவ்வுயரத்திற் காற்று மெலிந்திருத்தலின், கதிரவனின் புறவூதாக் கதிர்கள் சமவெளியினும் மிகுதியாக வந்து தாக்கும். குளிர்கால வைகறையிற் புல்வெளிகள் உறைபனி போர்த்திருக்கும். சிறிது பொழுதில் வெயில் எறிக்கும். குளிரால் இலையின் உணவாக்கும் தொழில் தளர்ந்திருக்க, ஒளியோ குறைவின்றிப் பாயும். செலவழியாத அவ்வொளியாற்றல் இலையின் நுண்ணுறுப்புகளையே சிதைக்க வல்லது.

ஓடி ஒளியக் காலில்லாச் செடிகள் என் செய்யும்? நின்ற இடத்திலேயே காப்புத் தேடிக்கொள்கின்றன. சோலை மரங்கள் பலவற்றின் தளிர்கள் செந்நிறமுடையன. அச்செம்மை கண்ணுக்கு அழகு. தளிருக்கோ, பச்சையம் முதிரும்வரை ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கும் திரை என்பது அறிவியலார் பலர் கருத்து. காட்டுப் பூவரசின் இலை தோல்போல் தடித்தது. அதன் அடிப்புறத்தில் நுண்மயிர் அடர்ந்திருக்கும். இலைகளிலுள்ள மஞ்சள் நிறமிகள் சில, மிகுந்த ஒளியாற்றலை வெப்பமாக்கி வெளியேற்றும்.

இத்துணைக் காப்பிருந்தும் சோலை மரக்கன்றுக்கு இன்னுமொரு துணை வேண்டும். அஃது முதுமரங்களின் நிழல். வெட்டவெளியில் உறைபனியும் வெயிலும் மாறி மாறித் தாக்கக் கன்றுகள் பல கருகிவிடும்.

19ஆம் நூற்றாண்டு முதல் சோலைகள் பல தேயிலைத் தோட்டங்களுக்கும், ஆஸ்திரேலியாவினின்று வந்த தைலமரம், சீகைமரம் ஆகியவற்றுக்கும் இடங்கொடுத்து அழிந்தன. ‘ஒரு மரம் போனால் வேறொரு மரம் நட்டால் போயிற்று’ என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. நூறு கன்றுகளை ஒரே நாளில் நட்டுவிடலாம். அவற்றைக் காக்கும் நிழலை ஒரு நாளில் நட இயலுமோ? அந்நிழல் பல தலைமுறைகளின் தேட்டம்.

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் நிறுவப்பெற்றது. இந்திய நாட்டில் முதன்முதலாக அமைந்தது அதுவே. பெயர் சூட்டியதோடு கடமை முடிந்ததாகாது. புதுச்சோலை வளர்த்தல் நன்று. எஞ்சிய சோலையை வெட்டாது காத்தல் அதனினும் நன்று. வெயிலினின்று தன்னைக் காக்கும் வழியைச் செந்தளிர் அறியும். கோடரியினின்று காக்கும் வழியை அஃது அறியாது. அது மாந்தர் கடன்.