பண்டத்தின் பெயர் யாருடைய சொத்து?

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்றொரு பிரதேசம் இருக்கிறது. அப்பிரதேசத்தின் புகழ்பெற்ற பண்டம் ‘பேஸ்டி’ என்பது. உருவத்தில் நமது சோமாசியைப் பெரிதாக்கியது போன்றது, ஆனால் இனிப்பன்று. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் இனத்துக் கிழங்கு ஒன்று ஆகியவற்றை மாவில் பொதிந்து, ஓரத்தை முறுக்கி மூடி, அடுப்பில் சுட்டெடுப்பார்கள். அங்குள்ள வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளருக்கு இதுவே பகலுணவாக இருந்தது.

1960-களின் இறுதியில் ஜெஃப்ரி ஜின்ஸ்டர் என்ற பால்பண்ணை விவசாயி, காலிங்டன் என்னும் சிற்றூரில் பேஸ்டி செய்து விற்கத் தொடங்கினார். ‘ஜின்ஸ்டர்ஸ்’ என்ற அப்பெயர் இன்று பிரிட்டன் முழுவதும் பெட்ரோல் நிலையங்களிலும் பெரிய கடைகளிலும் காணப்படுகிறது. ஆனால் 1977-லேயே அந்நிறுவனம் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த சாம்வொர்த் சகோதரர்கள் என்ற வேற்றூர்க் கம்பெனிக்கு விற்கப்பட்டுவிட்டது. உற்பத்தி காலிங்டனிலேயே நிலைத்தது. உடைமை வெளியூர் சென்றது. இதில் குற்றம் ஏதுமில்லை. தனியார் முத்திரை தனியார் சொத்து. சொத்தை விற்பது உடையவர் உரிமை.

ஆயினும் ‘கார்ன்வால் பேஸ்டி’ என்ற பெயரை எவரும் விற்கவில்லை. அங்குள்ள உற்பத்தியாளர்கள் சிறியோரும் பெரியோருமாகச் சங்கம் அமைத்து முயன்றதன் பயனாக, 2011-ல் அப்பெயருக்கு ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. கார்ன்வாலில் தயாரித்ததற்கே அப்பெயர் உரியது, இறைச்சி 12.5 சதவீதத்துக்கும் காய்கறி 25 சதவீதத்துக்கும் குறையலாகாது. முறுக்கு ஓரத்திலேயே அமைய வேண்டும் என விதி வகுத்தார்கள். முத்திரை ஒருவருக்கு உரியது. ஊர்ப்பெயரோ விதிப்படி செய்யும் அனைவருக்கும் பொது.

நமது நாட்டிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. 1999-ல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-ல் அமலுக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு அச்சட்டத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே அப்பதிவைப் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-லும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-லும் பெற்றன. பால்கோவாவுக்காக விண்ணப்பித்தது ஒரு பால் கூட்டுறவுச் சங்கமே என்பது நமக்குப் பெருமை. இவ்வுரிமையை விற்கவோ அடகு வைக்கவோ சட்டம் இடந்தரவில்லை. கடன்பட்டவனும் இழக்க முடியாத சொத்து இது!

ஆனால் பதிவுப் பத்திரம் மட்டும் தறிக்குப் பாவு நூல் தந்துவிடாது. ஊர்ப்பெயர் பதிவானதும் அவ்வூரார் அனைவருக்கும் உரிமை தானே வந்துவிடும் என எண்ணுவது தவறு. ஒவ்வோர் உற்பத்தியாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ எனத் தனியே பதிவு செய்துகொண்டால்தான் அப்பெயரைச் சட்டப்படி ஆளலாம். போலிச் சரக்கின் மீது வழக்கும் தொடரலாம். தனி நெசவாளர் ஒருவர் இவ்வேலையைத் தனியே செய்து முடிப்பது அரிது. விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்புவதைச் சங்கமே தன் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. கார்ன்வால் விதியில் ஒரு குறை உண்டு. பண்டம் அங்கே உருவாக வேண்டுமேயன்றி, இறைச்சியும் கிழங்கும் அங்கேயே விளைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. செய்பவனுக்குக் காப்பு, விளைவிப்பவனுக்கு அக்காப்பு இல்லை. இனி நம் பகுதிப் பண்டம் எதற்கேனும் விண்ணப்பம் தயாராகுமாயின், மூலப்பொருள் எங்கே விளைய வேண்டும் என்பதையும் விதியில் சேர்க்கும்படி விவசாயிகள் முன்கூட்டியே வற்புறுத்த வேண்டும். பதிவு முடிந்தபின் முறையிடுவது வெள்ளம் வந்தபின் அணை போடுவதாகும்.

விதி வகுத்தவர்களே அதை மீறினால் எந்தச் சட்டமும் காப்பாற்றாது. கலப்புச் சரிகையைத் தூய சரிகை என்று ஒருவர் விற்றாலும் கெடுவது ஊரின் பெயர். அதனால் விலை இறங்குவது அனைவரது சேலைக்கும். ஆகவே, அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள்: நம் அங்கத்தினரில் எத்தனை பேர் பயனாளராகப் பதிவு பெற்றுள்ளனர்? சரக்கின் தரத்தைச் சோதிக்கும் பொறுப்பு யாரிடம் உள்ளது? விடை திருப்தி தரவில்லையெனில், அன்றே தீர்மானம் நிறைவேற்றுங்கள்.