பாதுகாப்பு யாருடைய உழைப்பு?

2023 ஏப்ரல் 4 அன்று சிகாகோ மாநகர மேயரைத் தேர்ந்தெடுக்க மக்கள் வாக்களித்தபோது, இரண்டு வேட்பாளர்களுக்குப் பின்னாலும் தொழிற்சங்கம் நின்றது. பிராண்டன் ஜான்சன் பள்ளி ஆசிரியராக இருந்து, ஆசிரியர் சங்கத்தின் முழுநேர ஊழியரானவர். அந்தச் சங்கமும் அதன் மேலமைப்புகளும் அவருடைய பிரச்சாரத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தன. எதிரே நின்ற பால் வல்லாஸ், மாநகரப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். காவலர் சங்கம் அவரை ஆதரித்தது. ஜான்சன் வென்றால் ஆயிரம் காவலர்கள் வரை வேலையை விட்டுப் போவார்கள் என்று சங்கத் தலைவர் எச்சரித்தார். ஏறத்தாழ 52 விழுக்காடு வாக்குகளுடன் ஜான்சன் வென்றார்.

தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள் இந்தத் தேர்தலை ஊன்றிப் படிக்க வேண்டும். முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே நின்றால் நம் இடம் எது என்பதில் குழப்பமில்லை. இரண்டு சங்கங்கள் எதிரெதிரே நின்றால் எந்த அளவுகோலை எடுப்பது? அது கையில் இல்லாவிட்டால் உள்ளூர்த் தேர்தலில் ஒரு வேட்பாளரின் பேச்சை நம்மால் எடைபோட முடியாது.

இந்தக் கேள்விக்குச் சிகாகோவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1886 மே 3 அன்று மெக்கார்மிக் ஆலை வாசலில் வேலைநிறுத்தம் செய்தவர்களைப் போலீஸ் சுட்டது. மறுநாள் இரவு ஹேமார்க்கெட்டில் கண்டனக் கூட்டம். அதைக் கலைக்க வந்த போலீசார் மீது குண்டு விழுந்தது. காவலர்களும் செத்தார்கள், தொழிலாளர்களும் செத்தார்கள். குண்டை வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் 1887 நவம்பரில் நான்கு தொழிலாளர் தலைவர்களைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் போராட்டத்தின் நினைவாகவே மே தினம் பிறந்தது. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் அதைக் கொண்டாடினார்.

ஹேமார்க்கெட்டில் முதலில் எழுந்தது போலீஸ்காரர் சிலை. அதை இரண்டு முறை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடைசியில் வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2004-இல் அந்த இடத்தில் புதிய நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. பேச்சாளர்கள் ஏறி நின்ற சரக்கு வண்டியும் அதன்மேல் முகம் தெரியாத மனித உருவங்களும் அதில் வெண்கலத்தில் நிற்கின்றன. திறப்பு விழாவில் காவலர் சங்கத் தலைவரும் பேசினார், தொழிலாளர் இயக்கத்தில் ஒருவராக.

அவர் பேசியது சரியே. காவலரும் உழைப்பாளிதான். நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் அனுமதியின்றிக் காவலர்கள் தொழிற்சங்கம் அமைப்பதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டுக் காவலருக்கு வார விடுப்பு என்பதே 2021-இல் அரசாணையாக இறங்கி வந்தது. கேட்டுப் பெற அவருக்கு மேடை கிடையாது. அந்த உரிமை அவருக்கு வேண்டும் என்பதே நம் நிலை.

ஆனால் சங்கம் எதைப் பேரம் பேசலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சிகாகோ காவலர் சங்கம் பல ஆண்டுகளாக மாநகராட்சியுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் சம்பளமும் விடுப்பும் மட்டும் இருக்கவில்லை. காவலர் மீது புகார் சொல்பவர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. சுட்ட காவலர் வாக்குமூலம் தர 24 மணி நேர அவகாசம் இருந்தது. 2014 அக்டோபரில் லக்குவான் மெக்டொனால்டு என்ற பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவனின் உடலில் பதினாறு குண்டுகள் பாய்ந்தன. சிறுவன் பாய்ந்து வந்ததாகச் சங்கத்தின் செய்தித் தொடர்பாளர் அன்றிரவே சம்பவ இடத்தில் நின்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். நீதிமன்ற உத்தரவால் ஓராண்டுக்கு மேல் கழித்துக் காணொளி வெளிவந்தது. சிறுவன் விலகி நடந்துகொண்டிருந்ததை ஊரே பார்த்தது. சுட்ட காவலர் 2018-இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. சம்பளத்தைப் பேரம் பேசலாம், வேலை நேரத்தைப் பேசலாம். செத்தவனைப் பற்றிய உண்மையைப் பேரம் பேச எந்தச் சங்கத்துக்கும் உரிமையில்லை. நாம் தேடும் அளவுகோலின் முதல் பாதி இதுதான்.

மறுபாதி பணத்தைப் பற்றியது. மாநகராட்சி நடத்திவந்த பன்னிரண்டு மனநல சிகிச்சை மையங்களில் ஆறினை 2012-இல் அன்றைய மேயர் ராம் இமானுவேல் மூடினார். மிச்சமானது சில பத்து லட்சம் டாலர். உட்லான் பகுதி மையத்தில் சிகிச்சை பெற்றவர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் உள்ளே இருந்துகொண்டு கதவை அடைத்துப் போராடினார்கள். மருத்துவரைக் கேட்டவர்களிடம் மாநகராட்சி போலீசை அனுப்பியது. கைது செய்து இழுத்துப் போனார்கள். அடுத்த ஆண்டே ஏறக்குறைய ஐம்பது பள்ளிகளும் மூடப்பட்டன. காவல்துறைக்கான ஒதுக்கீடோ பின்னாளில் ஆண்டுக்கு இருநூறு கோடி டாலரை நெருங்கியது. மனம் பேதலித்த ஒருவர் தெருவில் கத்தும்போது துப்பாக்கி வைத்திருப்பவர் மட்டுமே வரமுடியும் என்ற நிலையை இந்த வரவுசெலவுக் கணக்குதான் உண்டாக்கியது.

ஜான்சன் சொன்னது இதைத்தான். மூடிய மனநல மையங்களைத் திறப்பேன், இளைஞர்களுக்குக் கோடைகால வேலையை இரட்டிப்பாக்குவேன், காவல்துறைக்குள்ளிருந்தே 200 பேரைத் துப்பறிவாளர்களாக உயர்த்திக் கொலை வழக்குகளைத் துப்புத்துலக்குவேன் என்றார். வன்முறை மிகுந்த ஆஸ்டின் பகுதியில் குடும்பத்தோடு வாழ்பவர் அவர். துப்பாக்கிச் சத்தம் அவருக்குச் செய்தியாக வந்து சேரவில்லை. 2020-இல் மாவட்ட சபை உறுப்பினராக, காவல் நிதியை வேறு சேவைகளுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர், தேர்தலின்போது காவல்துறை ஒதுக்கீட்டைக் குறைக்கமாட்டேன் என்று பின்வாங்கினார். ஏன் மாறினேன் என்பதை மக்களிடம் விரித்துச் சொல்லியிருக்க வேண்டும். இரவு வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கும் பெண்ணின் பயம் உண்மையானது. அவர் கேட்பது, கூப்பிட்டால் வருகிற, வந்தால் தன் பிள்ளையைச் சுடாத காவலரை. இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. வெறும் முழக்கம் அவருக்குப் பதிலாகாது.

பதவிக்கு வந்த ஆண்டின் டிசம்பரில் காவலர்களுக்குக் கணிசமான ஊதிய உயர்வு தரும் ஒப்பந்தத்தை மாநகர சபை ஏற்றது. ஜான்சன் அதை ஆதரித்தார். கடும் குற்றச்சாட்டுக்கு ஆளான காவலரை மூடிய அறைக்குள் நடுவர் விசாரிக்கலாம் என்ற பிரிவைச் சபை நிராகரித்தது. அதையும் அவர் ஆதரித்தார். நடுவரிடம் போகக் காவலருக்கு உரிமை உண்டு, ஆனால் விசாரணை மக்கள் பார்க்க நடக்க வேண்டும் என்று 2024-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். உழைப்புக்கு ஊதியம், அதிகாரத்துக்குக் கணக்கு. நாம் சொல்லும் எல்லைக்கோடு இங்கே தெளிவாக விழுந்திருக்கிறது. 2024 இறுதியில் ரோஸ்லாந்து பகுதி மனநல மையம் மீண்டும் திறந்தது. 2021-இல் 800 அளவில் இருந்த கொலைகள் 2024-இல் 600-க்குக் கீழே வந்தன. மற்ற அமெரிக்க நகரங்களிலும் இதே காலத்தில் குறைந்ததால் முழுப் பெருமையையும் ஒருவருக்குத் தர முடியாது. ஆனால் மாற்று வழியில் செலவிட்டால் ஊர் சுடுகாடாகும் என்ற மிரட்டல் பொய்த்துவிட்டது.

இதே அளவுகோலை ஜான்சன் தன் சொந்தச் சங்கத்துக்கும் வைக்க வேண்டும். ஆசிரியர் ஒப்பந்தப் பேச்சின் நடுவே 2024 அக்டோபரில் பள்ளிக் கல்வி வாரிய உறுப்பினர்கள் அனைவரும் பதவி விலகினார்கள். தன்னை ஜெயிக்கவைத்த சங்கம் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மேயரின் ஒவ்வொரு கணக்கும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். தொழிலாளர் வேட்பாளரிடம் நாம் கூடுதலாகவே எதிர்பார்க்கிறோம், அவர் நம்மவர் என்பதால்.

சிகாகோவைப் போலன்றி, சென்னை மேயருக்குப் போலீஸ் மீது அதிகாரம் இல்லை. அதனால் பாதுகாப்பு தன் வேலையில்லை என்று எந்த வார்டு வேட்பாளரும் நழுவ முடியாது. தெருவிளக்கும் கழிப்பறையும் ஆரம்ப சுகாதார நிலையமும் மாநகராட்சியின் பொறுப்பு. விடிவதற்கு முன் தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளரின் உழைப்பும் இந்த ஊரின் பாதுகாப்புதான். 2025 ஆகஸ்டில், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் அவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் இரண்டு கேள்விகளை நாம் கேட்டே ஆக வேண்டும். யாருடைய உழைப்பையெல்லாம் ஊரின் பாதுகாப்பாக எண்ணி அதற்குப் பணம் ஒதுக்குவீர்கள்? அந்தப் பணம் பெறும் ஒவ்வொருவரையும், சீருடை அணிந்தவர் உட்பட, மக்கள் முன் பதில் சொல்லவைப்பீர்களா? முதலாவதற்குத் தெளிவான பதிலும் இரண்டாவதற்கு ஆம் என்றும் சொல்லி, எழுதியும் தருபவருக்கே நம் வாக்கு.