ரிப்போர்ட்ல போல்டா எதுவும் இல்லைன்னா எல்லாம் நார்மலா? ஒரு த்ரெட்

1/ காவேரிப்பட்டினம் பக்கத்துல இருந்து ஓபிக்கு வந்தாங்க ஒரு ஆயா. வயசு 70. மாந்தோப்பு வேலை, தீராத முட்டி வலி. மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடறது பல வருஷப் பழக்கம். கையில ரத்த டெஸ்ட் ரிப்போர்ட். கிரியேட்டினின் 1.2. "எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டர்."

2/ நார்மல் இல்லைங்க. அந்தத் தாளில் அச்சடித்திருந்த வரம்பு 0.6 முதல் 1.3. யாருக்கு? 25 வயசுப் பையனுக்கும் 70 வயசு ஆயாவுக்கும் அதே வரம்பு!

3/ கிரியேட்டினின் தசையில் உருவாகும் கழிவு. கிட்னி அதை வடிகட்டி வெளியே தள்ளும். பெண்களுக்குத் தசை குறைவு. வயசானால் இன்னும் குறையும். உருவாகிற கழிவே கம்மி என்பதால், கிட்னி கெட்டாலும் அளவு பெரிசா ஏறாது.

4/ அதனால்தான் வயசையும் பாலினத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு: இ.ஜி.எஃப்.ஆர். 2021 சி.கே.டி எபி ஃபார்முலாவில் அதே 1.2 பையனுக்கு 86. ஆயாவுக்கு 49. மூணு மாசத்துக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால் அது நாள்பட்ட கிட்னி நோய்.

5/ ஹீமோகுளோபின்ல தலைகீழ் தப்பு. "பொம்பளைங்கன்னா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்." உலக சுகாதார நிறுவனம் வைத்த கீழ் வரம்பு ஆணுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12. வித்தியாசம் ஒரே ஒரு கிராம். 9 இருந்தா அது பெண்மை இல்லை, ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் (15-49 வயது) 53.4% பேருக்கு ரத்தசோகை.

6/ வித்தியாசம் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கறதில்லை. இன்னொரு இடத்தில் அதையே சாக்கா சொல்றோம். ரெண்டிலும் மாட்டிக்கறது பெண்கள்தான்.

7/ "செலவாகுமே" என்பீங்க. ஒரு சொட்டு ரத்தம்கூட கூடுதலா வேண்டாம். செல்போனிலேயே போடலாம். பேக்கேஜ் பேக்கேஜா டெஸ்ட் விக்கிற லேபுக்கு ஒரு வரி சேர்க்க முடியாதா?

8/ அரசுத் தரப்புக்கும் இதேதான் கேள்வி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடிப் போகுது. கிட்னி கெட அதிக வாய்ப்புள்ளவங்க இவங்கதான். கிரியேட்டினின் பார்க்கிற ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இ.ஜி.எஃப்.ஆர் அச்சாகணும்.

9/ நீங்க செய்ய வேண்டியது: ஒரு நம்பரைப் பார்த்துப் பயப்படாதீங்க, நிம்மதியும் ஆகாதீங்க. "என் வயசுக்கு இது சரியா டாக்டர்?"னு கேளுங்க. சிறுநீரில் ஆல்புமின் பாருங்க. வலி மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க.

ஆயாவுக்கு டைக்ளோஃபெனாக்கை நிறுத்தியாச்சு. உங்க வீட்டு ஆயாவோட ரிப்போர்ட்டை இன்னிக்கு எடுத்துப் பாருங்க.