நெஞ்சிலிருந்து கைக்கு மாறும் சூதாட்ட விளம்பரம்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து அணிகள் 2023 ஏப்ரலில் ஒரு முடிவு எடுத்தன. 2025-26 பருவத்துக்குப் பிறகு ஜெர்ஸியின் முன்பக்கத்தில் சூதாட்ட நிறுவனங்களின் பெயரைப் போடுவதில்லை என்பதே அது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் இந்தத் தடை நெஞ்சுப் பகுதிக்கு மட்டுமே. ஜெர்ஸியின் கைப்பகுதியிலும், மைதானத்தைச் சுற்றி ஓடும் மின்பலகைகளிலும் அதே பெயர்கள் தொடரலாம்.

2024-25 பருவத்தில் 20 அணிகளில் 11 அணிகள் சூதாட்ட நிறுவனங்களின் பெயரை நெஞ்சில் சுமந்தன. இவற்றில் பல நிறுவனங்கள் குறிவைப்பது இங்கிலாந்து ரசிகரை அல்ல. ஆசியாவில் இரவில் கண்விழித்துப் போட்டியைப் பார்க்கும் ரசிகரை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இத்தாலி 2018-லேயே சட்டம் போட்டுச் சூதாட்ட விளம்பரங்களைத் தடுத்தது. ஸ்பெயின் அணிகளின் ஜெர்ஸியிலிருந்து 2021-22 பருவம் முதல் அவை அகற்றப்பட்டன. இங்கிலாந்து இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது.

"எனக்குக் கால்பந்து நன்றாகத் தெரியும், யோசித்துத்தான் கட்டுகிறேன்" என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு போட்டியில் உள்ளூர் அணி வென்றால் கட்டியது 2 மடங்கு, சமனானால் 3.4 மடங்கு, எதிரணி வென்றால் 3.6 மடங்கு என்று நிறுவனம் அறிவிக்கிறது என வைத்துக்கொள்வோம். எது நடந்தாலும் 100 ரூபாய் திரும்பி வர வேண்டுமானால் முறையே 50, 29.40, 27.80 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் சுமார் 107 ரூபாய். அதாவது, 107 கொடுத்து 100 வாங்குகிறோம். மீதி 7 ரூபாய், பந்து உருளும் முன்பே நிறுவனத்தின் பைக்குப் போய்விடுகிறது. பல போட்டிகளைச் சேர்த்துக் கட்டும்போது இந்த இழப்பும் பெருகும். இதையும் மீறித் தொடர்ந்து வெல்பவர்களின் கணக்கைக் கட்டுப்படுத்தும் பழக்கமும் இந்த நிறுவனங்களுக்கு உண்டு.

அறிவு காப்பாற்றும் என்றால் கால்பந்து வீரர்களை அல்லவா முதலில் காப்பாற்றியிருக்க வேண்டும்? பிரென்ட்ஃபோர்டு அணியின் ஐவன் டோனி, பந்தய விதிகளை 232 முறை மீறியதற்காக 2023 மே மாதம் 8 மாதத் தடை பெற்றார். அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதை மருத்துவரும் உறுதிசெய்தார். அப்போது அவர் அணிந்து விளையாடிய ஜெர்ஸியின் நெஞ்சிலேயே ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் இருந்தது! அதே ஆண்டு இத்தாலியின் சாண்ட்ரோ டொனாலி 10 மாதம் தடை செய்யப்பட்டார். அதற்கு முன், 2005-ல் ஜெர்மனியின் நடுவர் ராபர்ட் ஹோய்சர், பந்தயக் கும்பலிடம் பணம் வாங்கிப் போட்டிகளின் முடிவை மாற்றியதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார்.

சூதாட்டத்தில் சில பயன்கள் இருந்தாலும் அதன் பாவம் பயனைவிடப் பெரியது என்கிறது திருக்குர்ஆன் (2:219). மது, சூது வழியாக ஷைத்தான் மனிதர்களிடையே பகையை மூட்டவும், இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கவும் நாடுகிறான் என்றும் எச்சரிக்கிறது (5:90, 91). நள்ளிரவுப் போட்டியில் பணம் கட்டிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஃபஜ்ர் தொழுகை என்னவாகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது. ஸ்பெயினின் செவில்லா அணியில் விளையாடிய ஃபிரெடெரிக் கனூட்டே என்ற முஸ்லிம் வீரர், 2006-ல் தன் ஜெர்ஸியில் இருந்த சூதாட்ட நிறுவனத்தின் பெயரை மறைத்துக்கொண்டு ஆடினார். ஒப்பந்தத்தின் காரணமாகப் பின்னர் அதை அணிய நேர்ந்தாலும், தன் மறுப்பை உலகறியப் பதிவு செய்தார். மறு ஆண்டு, செவில்லா நகர முஸ்லிம்கள் தொழுதுவந்த இடம் கைநழுவும் நிலை வந்தபோது, 5 லட்சம் யூரோவுக்கு மேல் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கித் தந்தார்.

நம் பங்குக்கு என்ன செய்யலாம்? இங்கிலாந்தில் சிறுவர் அளவு ஜெர்ஸிகளில் சூதாட்ட நிறுவனப் பெயர் இடம்பெறக் கூடாது. நம் கடைத்தெருவில் விற்கும் நகல் ஜெர்ஸிகளுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. வாங்கும் முன் நெஞ்சிலும் கையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதை அணிந்துதான் பிள்ளை பள்ளிவாசல் ஸஃப்பிலும் நிற்கிறான்.

அடுத்து, நண்பர்களுக்குள் "தோற்றவன் பிரியாணி வாங்கித் தர வேண்டும்" என்று கட்டும் பந்தயம். இரு தரப்பும் இழப்பை ஏற்றுப் பந்தயம் கட்டினால் அதுவும் சூதாட்டமே என்று மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். பெரிய பந்தயத்துக்கு இந்தச் சிறிய பந்தயமே பயிற்சியாகிவிடுகிறது.

மூன்றாவதாக, இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் வெளிநாட்டுத் தளங்கள் ஏதாவது ஒரு வாசல் வழியாக நுழையப் பார்க்கும். அந்த வாசலை வீட்டில்தான் அடைக்க முடியும். ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பிள்ளை இருந்தால் அடித்து விரட்டாதீர்கள். கடனை மறைக்க மேலும் கடன் வாங்கும் நிலைக்கு அவனைத் தள்ளாமல், உட்கார வைத்துக் கணக்கைக் கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தவ்பாவின் வாசல் திறந்திருப்பதை நினைவூட்டுங்கள்.

கால்பந்தை ரசிப்பதில் தவறில்லை. விளையாட்டு விளையாட்டாக இருக்கும் வரை அது உடலுக்கும் மனதுக்கும் நல்லது. அல்லாஹ் நம் பிள்ளைகளை இந்தச் சூதின் வலையிலிருந்து பாதுகாப்பானாக!